தங்கச்சி பிறந்ததற்குக் கவுதாரி சாட்சி

எங்கள் வீட்டில் ஐந்து உயிர்கள்: அப்பா, அம்மா, நான், தங்கச்சி, கவுதாரி. மரியாதை வரிசையில் சொல்ல வேண்டுமானால் கவுதாரியிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குத் தனிக் கூண்டு, கூண்டுக்குத் துணி உறை, உறைக்கு வாரம் ஒரு வெளுப்பு. தங்கச்சிக்கு மாப்பிள்ளை வந்த வருசம் எனக்கு ஒரே ஒரு வேட்டிதான் இருந்தது. அது எப்போது வெளுக்கப்பட்டது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

வில்லியனூரிலிருந்து ஒன்றரை மைல் நடந்தால் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் கரும்பும் கொஞ்சம் நெல்லும் உண்டு. பயிர் தானாக வளரும், பறவைதான் ஆள் பார்த்து வளர்க்க வேண்டியது என்பது அவர் கொள்கை. பயிரும் அவர் கொள்கையைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற மாதிரி வளர்ந்தது.

சண்டைக் கவுதாரி கம்பும் கேழ்வரகும் தின்று உடம்பு வைக்கும். வீரம் மட்டும் கரையானில்தான் வரும் என்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் கரையான் ஒரு சாகுபடி. பொழுது சாயும்போது ஒரு மண்சட்டியில் ஈர வைக்கோலும் சாணியும் அடைத்து, வரப்பில் புற்றுத் தடம் பார்த்துக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். விடிந்ததும் போய் நிமிர்த்தினால் சட்டி முழுக்க வெள்ளையாக நெளியும். அதை முறத்தில் தட்டிக் கூண்டுக்குள் கொட்ட வேண்டும். ஊரில் மற்றவர்கள் கரையான் வராமலிருக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அதை வரவேற்றுக்கொண்டிருந்தோம்.

இந்த உத்தியோகம் முதலில் என்னுடையது. நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சில வருசம் உட்கார்ந்து, சர்த்திபிக்கா பரீட்சையில் பெயிலாகி, வெளியே கிளம்பிவிட்டேன். கடலூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், விழுப்புரத்தில் ரயில் பாதைக்குக் கல் உடைத்தேன், நெட்டப்பாக்கத்தில் கரும்பு வெட்டினேன். பசி எடுக்கும், காய்ச்சல் வரும், வீட்டுக்கு வருவேன். காய்ச்சல் விட்டதும் மறுபடி கிளம்புவேன். இதில் விவரிக்க ஒன்றும் இல்லை. நான் கிளம்பிப் போன நாளிலிருந்து கரையான் சட்டி தங்கச்சி கைக்கு மாறியது. ஏழு வருசம் அவள் அதைத் தூக்கினாள். சொந்தக் கல்யாணத்தைப் பற்றி அவள் யோசித்ததெல்லாம் அந்த வரப்பில்தான் இருக்கும்.

எனக்கு இருபது வயதாக இருந்தபோது, காலில் சிரங்கோடு வந்து வீட்டில் கிடந்தேன். அப்போதுதான் மாப்பிள்ளை வந்தது. பாகூர்ப் பக்கத்துப் பையன், அம்மா வழியில் தூரத்து உறவு. சைகோனில் சுங்கத்தில் காவல் வேலை. லீவில் வந்திருந்தான், இருபத்தைந்து நாளில் கப்பல். கால்சட்டை போட்டு வந்து பாயில் உட்காரத் தெரியாமல் தவித்தான். அதைத் தவிர அவனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அம்மா உள்ளே போய்த் தங்கச்சியைக் கேட்டாள்.

"சைகோனாம்டி. போறியா?"

"அங்க கவுதாரி வளக்கறாங்களா?"

"கேட்டேன். கெடையாதாம்."

"அப்ப சரி."

தங்கச்சி அதற்கு மேல் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மாப்பிள்ளையின் அப்பா விவரமான ஆள். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "தாலிய ஊருலயே கட்டிப்புடலாம். ஆனா மேரில எழுதுனாத்தான் பொண்ணக் கப்பல்ல ஏத்துவான். பொண்ணோட பொறப்புப் பத்திரத்த எடுத்து வெச்சிடுங்க. அது இல்லாட்டி இன்னொரு எடம் பார்த்து வெச்சிருக்கறோம், அந்தப் பொண்ணுக்குப் பத்திரம் இருக்குது."

மேரி என்றால் எங்கள் பக்கத்துக் கொம்யூன் ஆபீஸ். பிறப்பு, சாவு, கல்யாணம் மூன்றையும் அங்கே போய்ச் சொன்னால்தான் நடந்ததாகக் கணக்கு. அவர் பேசி முடிக்கும்போது அப்பாவைப் பார்த்தேன். கூண்டு உறையில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நொண்டிக்கொண்டே நான் வில்லியனூர் மேரிக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் அந்த வருசத்துப் புத்தகத்தைப் புரட்டினார், அதற்கு முந்தினதைப் புரட்டினார், பிந்தினதையும் புரட்டினார். நான் இருந்தேன். பிறந்த நாள், பிறந்த நேரம், தகப்பன் பேர், தாய் பேர் எல்லாவற்றோடும் அழகான எழுத்தில் இருந்தேன். வருசத்தில் பாதி நாள் ஊரிலேயே இல்லாத எனக்கு நாலு வரி. வரப்பைத் தாண்டாத தங்கச்சிக்கு ஒரு எழுத்து இல்லை.

"உன் தங்கச்சி பொறக்கல" என்றார் எழுத்தர். கெட்டவர் இல்லை. புத்தகத்தில் இருந்ததைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தாமல் அப்பாவைக் கேட்டாள்.

"அவ பொறந்த மூணாம் நாளு மேரிக்குன்னு போனியே, எழுதினியாய்யா?"

"போனேன்."

"எழுதினியா?"

"பூட்டியிருந்துச்சி."

"அப்பறம்?"

"தொறக்கட்டும்னு தோப்புல குந்தினேன்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். தோப்பு என்ற சொல் போதும். மீதியை அவளே தெரிந்துகொண்டாள்.

பிரெஞ்சுக்காரன் ஆபீஸ் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு மூடினால் மூன்று மணிக்குத்தான் திறக்கும். அப்பா போன நேரம் பன்னிரண்டு. அவர் எங்கே போனாலும் கூண்டோடுதான் போவார், பெண் பிறந்ததைப் பதியப் போகும்போதும் கூண்டோடுதான் போனார். மேரிக்குப் பின்னால் ஒரு மாந்தோப்பு. அங்கே கவுதாரிக்காரர்கள் கூடுவது வழக்கம். பெண் பிறந்த சந்தோசத்துக்கு அப்பா கல்கண்டு கொண்டுபோயிருந்தார். அதை மேரியில் கொடுக்காமல் தோப்பில் கொடுத்தார். அங்கே ஆலைக்காரரின் பறவையும் இருந்தது.

ஆலைக்காரர் பக்கத்து ஊர்க்காரர். நிலம் உள்ளவர், கரும்பாலை உள்ளவர். அந்த வட்டாரத்தில் முதன்முதலாக மர ஆலையைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்பு ஆலை இறக்கியவர். அவர் கவுதாரியும் இரும்பு என்றுதான் பேச்சு. அன்றைக்கு, அப்பா அப்போது வைத்திருந்த பறவை அதை அடித்தது. இரும்புக் கவுதாரி முதுகைக் காட்டிக்கொண்டு காரைப் புதருக்குள் ஓடிவிட்டது. எங்கள் பக்கத்தில் முதுகு காட்டின பறவையை மறுபடி களத்தில் விட மாட்டார்கள். ஆலைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு போய் அன்று சாயங்காலமே குழம்பு வைத்துத் தின்றுவிட்டார். சாட்சியத்தைச் செரித்துவிட்ட தைரியத்தில், அப்படி ஒரு சண்டையே நடக்கவில்லை என்று பதினாறு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா ஜெயித்த சந்தோசத்தில் நேராக வீட்டுக்கு வந்து, எல்லாம் முடிந்தது என்று சொன்னார். சண்டையைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

பத்திரம் இல்லாதவர்களுக்கும் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. ரத்த உறவு இல்லாத மூன்று பேர் நீதிபதி முன்னால் போய், இந்தப் பெண் இன்ன வருசம் இன்ன நாள் பிறந்தாள் என்று சத்தியம் பண்ண வேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்டால் மூன்று பேரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். சொன்னால் எழுதி முத்திரை குத்தித் தருவார்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சி செத்து எட்டு வருசமாகியிருந்தது. ஊரில் பாதிப் பேர் உறவு. மீதிப் பாதிப் பேருக்குத் தங்கள் பிள்ளைகள் பிறந்த வருசமே தெரியாது. மிஞ்சியவர்கள் அன்று தோப்பில் கல்கண்டு தின்றவர்கள். அவர்களில் உயிரோடு இருந்தவர்கள் மூன்று பேர்: ஊருக்குச் சவரம் செய்கிறவர், மாட்டு வண்டிக்காரர், ஆலைக்காரர்.

முதல் தடவை போனோம். சவரக்காரர் தெளிவாகச் சொன்னார்: "கல்கண்டு குடுத்தாருங்க. ஆலைக்காரரு இரும்பு ஆலை வாங்குன வருசம், சித்திரை மாசம். பட்சிச் சண்டை நடந்த அன்னிக்கு மூணு நாளு முன்ன பொறந்த பொண்ணு." வண்டிக்காரரும் அதையே சொன்னார், அந்த இரும்பு ஆலையை ஏற்றி வந்ததே அவர் வண்டிதான். துபாசி இரண்டையும் பிரெஞ்சில் சொல்ல, நீதிபதி தலையை ஆட்டினார். பிறகு ஆலைக்காரர் முறை.

"பொண்ணு பொறந்திருக்கும், நான் இல்லன்னு சொல்லல" என்றார். "ஆனா நான் தோப்புக்குப் போவல. அங்க சண்டையும் நடக்கல."

நீதிபதி பேனாவை மூடினார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். மூன்று பேரும் ஒத்துச் சொல்லாவிட்டால் எழுத மாட்டாராம். அதற்குள் ஒரு வாரம் அலைச்சலில் போய், கப்பலுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

வரும் வழியெல்லாம் அம்மா ஒரே பேச்சுதான் பேசினாள். "அவருகிட்டப் போயி அவரு பட்சிதான் ஜெயிச்சிதுன்னு சொல்லிடுய்யா. வாயாலதான சொல்ற, இன்னா தேஞ்சிடப்போவுது?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"மேரில எழுதியாச்சின்னு என்கிட்ட சொன்னியே, அது இன்னா?"

"அது வேற" என்றார் அப்பா. வேறுதான். அந்தப் பொய் பெண்டாட்டியிடம் சொன்னது. இது பறவையைப் பற்றியது.

வீட்டுக்கு வந்ததும் துண்டை முகத்தில் போட்டுப் படுத்துவிட்டார். அவர் மானஸ்தர் என்று எங்கள் ஊரில் பேர். அந்த மானத்துக்கு அதுவரை யாரும் தொந்தரவு கொடுக்காததால் அது நல்ல நிலைமையில் இருந்தது.

மறுநாள் விடிந்தது. கூண்டில் கரையான் இல்லை.

"ஏன்டி, பட்சிக்குக் கரையான் எங்க?"

தங்கச்சி சாணி தெளித்துக்கொண்டே சொன்னாள்: "நான்தான் இன்னும் பொறக்கலியேப்பா. பொறக்காதவ எப்பிடி சட்டி வெப்பா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "எனக்கு வேல இருக்குது" என்றாள் அம்மா. "பொறக்காத பொண்ணுக்குச் சோறு ஆக்கணும்."

என்னைப் பார்த்தார். நான் சிரங்குக் காலை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டி வைத்தேன்.

அன்று சாயங்காலம் அப்பாவே சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இத்தனை வருசமாகக் கரையான் தன்னால் கூண்டுக்கு வருகிறது என்று நினைத்திருப்பார் போல. தடம் பார்க்கத் தெரியாமல் எறும்புப் புற்றின் மேல் கவிழ்த்துவிட்டு வந்தார். விடிந்து போய் நிமிர்த்தினால் சட்டி நிறையச் செவ்வெறும்பு. கை, கழுத்து, வேட்டிக்குள் எங்கும் கடி. குதித்துக் குதித்து வந்தார். தங்கச்சி வாசலில் நின்று பார்த்தாள், சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். எனக்குச் சிரங்கு இருந்ததால் அவரால் அடிக்க முடியவில்லை.

கவுதாரி கம்பைக் கொத்திப் பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தது. எங்கள் வீட்டில் சேவல் கிடையாது, கவுதாரிதான் விடியலில் கத்தி எங்களை எழுப்பும். இரண்டாம் நாள் அரைகுறையாகக் கத்தியது. மூன்றாம் நாள் கத்தவே இல்லை. நாங்கள் எல்லாரும் வெயில் ஏறின பிறகுதான் எழுந்தோம். அப்பா மட்டும் எப்போதோ எழுந்து கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். மகள் கல்யாணம் தவறினால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தவர்தான். பறவை பட்டினி கிடப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"சட்டை எங்க?" என்றார். என்னைப் பார்த்து, "நீயும் வா" என்றார்.

ஆலையில் கரும்பு ஓடிக்கொண்டிருந்தது. செக்கு மாடுகள் போலக் கண் கட்டின இரண்டு மாடுகள் சுற்ற, இரும்பு உருளைகள் கத்தின. பாகு காய்கிற கொப்பரைக்குப் பக்கத்தில் ஆலைக்காரர் நின்றிருந்தார்.

"இன்னாப்பா, வழி தவறிட்டியா?"

"பொண்ணு விசயமா வந்தேன்."

"பொண்ணுக்கு இன்னா, நல்லாத்தான இருக்குது? தோப்புல நான் இல்லன்னேன், அவ்ளோதான்."

"இருந்தீங்க."

"சரி, இருந்தேன்னு வெச்சிக்குவோம். சண்ட நடந்துச்சின்னும் வெச்சிக்குவோம். எந்தப் பட்சி முதுகு காட்டுச்சி?"

அப்பா கொப்பரையைப் பார்த்தார். கரும்பு கொடுக்கிற ஆட்கள், சக்கை அள்ளுகிற பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள். மாடுகள் மட்டும் அக்கறையில்லாமல் சுற்றின.

"என்னுது" என்றார் அப்பா.

"கொஞ்சம் சத்தமா சொல்லுப்பா. ஆலை கத்துது, கேக்கல."

"என்னுதுதான்."

ஆலைக்காரர் முகத்தில் பதினாறு வருசத்துப் பித்தம் இறங்கியது. "பாத்தியா, ஒரு வார்த்த. இதுக்கா இவ்ளோ நாளு? இதையே அங்க வந்து சொல்லு. வெள்ளக்காரன் தாள்ல ஏறணும். கீழ நீ கையெழுத்து வெக்கணும். எனக்கு ஒரு நகலு வேணும்." பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் சொம்பு நிறையக் கரும்புச்சாறு கொடுத்தார். நான் குடித்தேன். அப்பாவுடையதையும் நானே குடித்தேன்.

அப்பா முன்னால் நடந்தார். வாய்க்காலில் கால் கழுவும்போது, "அந்தப் பட்சி செத்துப்போனதே நல்லதாப் போச்சி" என்றார். "இருந்திருந்தா என் மூஞ்சில முழிக்காது." அன்று சாயங்காலம் தங்கச்சி சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இரண்டாவது தடவை ஆலைக்காரர் கரை வேட்டி கட்டி வந்தார். சத்தியம் செய்தார். தான் தோப்பில் இருந்ததையும் கல்கண்டு தின்றதையும் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு, மீதி நேரம் முழுக்கச் சண்டையைச் சொன்னார். அவர் பறவை எப்படி எகிறியது, எப்படி முள்ளால் அடித்தது, அப்பாவின் பறவை எந்தப் பக்கம் ஓடியது, எல்லாம். கையை இறக்கை மாதிரி விரித்துக்கூடக் காட்டினார். நீதிபதி கடியாரத்தைப் பார்த்தார். துபாசி நின்று கேட்டுவிட்டு, பிரெஞ்சில் நாலே நாலு சொல் சொன்னார். எழுத்தர் எழுதினார்.

"அப்பிடித்தானே?" என்று துபாசி அப்பாவைக் கேட்டார்.

"அப்பிடித்தான்" என்றார் அப்பா. எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்தும் தெரியாது. தன் பறவை தோற்றதாகப் பிரெஞ்சு சர்க்காருக்கே எழுதிக் கொடுக்கிறோம் என்று மட்டும் தெரியும்.

தாளை வாங்கி வெளியே வந்ததும் நான் படித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிந்தது கொஞ்சம்தான். ஆனால் வாசகப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கூண்டில் ஒரு பறவை இருந்தது. அந்தப் பாடத்திலேயே நான் பல மாதம் தங்கிவிட்டதால் பறவைக்குப் பிரெஞ்சில் என்ன என்பது மட்டும் மறக்கவில்லை. முதல் வரியிலிருந்து முத்திரை வரை இரண்டு தடவை தேடினேன். அப்படி ஒரு சொல் அந்தத் தாளிலேயே இல்லை. தங்கச்சி பேர், பிறந்த நாள், அப்பா, அம்மா, மூன்று சாட்சிகள். அவ்வளவுதான்.

"அப்பா, இதுல பட்சியே இல்லப்பா" என்றேன். "சண்டையும் இல்ல. நீ ஒண்ணும் தோக்கல."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சர்த்திபிக்கா பெயிலானவன்தான நீ? நீ படிச்சிக் கிழிச்சது எனக்குத் தெரியும். ஆறுதல் சொல்ல வராத."

அதற்குப் பிறகும் பல தடவை சொன்னேன். கடைசி வரை அவர் நம்பவில்லை.

தங்கச்சிக்கு மேரியில் எழுதினார்கள், ஊரில் தாலி கட்டினார்கள். புதுச்சேரிக் கடல்பாலத்தில் கப்பலுக்குப் போகிற படகில் ஏறும்போது அப்பா தேம்பி அழுதார். பெண்ணைப் பெற்றவர் என்று எல்லாரும் உருகினார்கள். தங்கச்சி குனிந்து என்னிடம் கேட்டாள்: "பட்சிக்கு இனிமே யாரு சட்டி வெக்கறது?" அப்பா யாருக்காக அழுகிறார் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் படகு நகர்ந்த பிறகு அவளும் கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நானும் மறுவாரமே கிளம்பிவிட்டேன். சட்டி யார் கையில் விழும் என்று எனக்குத் தெரியாதா?

மூன்று நாலு வருசம் கழித்து, கரையாம்புத்தூர்ப் பக்கம் வேலை தேடிப் போய், வேலையும் சோறும் கிடைக்காமல் இரண்டு நாளாகத் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். ஆலைக்காரர் ஊர் வழியில் வந்தது. கூப்பிட்டார். உள்ளே போனால் சுவரில் அந்த நகல், கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"தோத்தவன் மகன்தான் இவன்" என்று அவர்களிடம் சொன்னார். "பிரெஞ்சு படிச்சவன். டேய் தம்பி, அத எடுத்துப் படிச்சிக் காட்டு. அவங்களே கேக்கட்டும். அப்பறம் சாப்பிடலாம்."

உள்ளே கறிக்குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. அப்பாவிடம் நான் உண்மையைச் சொல்லி என்ன கண்டேன் என்று யோசித்தேன். படத்தை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு, விரலை வரியின் மேல் ஓட்டி, பிரெஞ்சு மாதிரி மூக்கால் கொஞ்சம் முனகி, ஆலைக்காரரின் பறவை எகிறியதையும் முள்ளால் அடித்ததையும் எங்கள் பறவை புதருக்குள் ஓடியதையும் தமிழில் விளக்கமாகப் படித்தேன். அவர் மறந்துபோன இரண்டு அடியையும் சேர்த்துப் படித்தேன். விருந்தாளிகள் தலையாட்டினார்கள். விரல் போய்க்கொண்டிருந்த வரியில் தங்கச்சியின் பேர் இருந்தது, அவள் பிறந்த தேதி இருந்தது. சைகோனிலிருந்து அவள் கடிதம் வந்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படித்தேன்.

"இன்னாடா நின்னுட்ட?"

"எழுத்து மங்கிப்போயி இருக்குதுங்க" என்றேன்.

பிறகு இலை போட்டார்கள். சர்க்கார் எனக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்ததற்குக் கிடைத்த ஒரே சாப்பாடு அதுதான். மூன்று தடவை சோறு வாங்கினேன்.